நொதி என்றால் சத்தா?

பக்கத்துத் தெரு மாமா ஒருவர் போன மாதம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பர்மாவில், யாங்கோன் டவுனில் ஒரு சின்ன லேப்பில் நான் வேலை பார்க்கிறேன். அதனால் நம் ஆட்களில் பாதிப் பேர் டாக்டரிடம் போவதற்கு முன் என்னிடம்தான் வருவார்கள். ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்ற வரியில் 142 என்று இருந்தது. 40-ஐ ஒட்டி இருந்தால் சரி.

"மாமா, லிவர் என்சைம் ஏறியிருக்கு. டாக்டரைப் பாத்துடுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஏறிடுச்சா? அப்போ பாட்டில் வேலை செய்யுதுடா தம்பி. மகதான் மாசாமாசம் அந்த என்சைம் ஜூஸ வாங்கிக் குடுக்குது."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஜூஸ் விற்கிறவர் என்சைம் என்றால் சத்து என்கிறார். போனில் வரும் வீடியோ, என்சைம் குறைந்தால்தான் எல்லா வியாதியும் என்கிறது. டாக்டரோ என்சைம் ஏறினால் ஆபத்து என்கிறார். ஒரே சொல்லை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மனிதர் என்னதான் செய்வார்? அன்றைக்கு அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

## பெயரால் வந்த வினை

தமிழில் என்சைமுக்கு நொதி என்று பெயர். நொதித்தல் என்றால் மாவு பொங்குவது, கள் புளிப்பது. இரண்டும் ஒட்டிப் பிறந்த சொற்கள் என்பதால், நொதி என்றால் மாவைப் பொங்கவைக்கும் கிருமி என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் குழப்பம் நம்முடையது மட்டும் இல்லை. 1870-களில் வில்ஹெல்ம் கியூனே என்ற ஜெர்மானியர் என்சைம் என்று பெயர் வைத்தபோது, கிரேக்க மொழியில் "ஈஸ்ட்டுக்குள் இருப்பது" என்ற பொருளில்தான் வைத்தார்.

அந்தக் காலத்தில் இது பெரிய சண்டை. சர்க்கரைக் கரைசலைச் சாராயமாக்குவது ஈஸ்ட் என்ற நுண்ணுயிரின் உயிரா, அல்லது அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருளா? 1897-இல் எட்வர்ட் பூக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாறு மட்டும் எடுத்தார். சாறு கெடாமல் இருக்கட்டும் என்றுதான் சர்க்கரையைப் போட்டார். நம் வீட்டில் ஊறுகாய்க்கு உப்புப் போடுகிற மாதிரி. சாறு நுரைக்க ஆரம்பித்துவிட்டது! உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலே சர்க்கரை சாராயமாக மாறிக்கொண்டிருந்தது. இதற்காக 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, நொதிக்கு உயிர் கிடையாது. உயிர்கள் தயாரித்து வைத்திருக்கும் ஒரு பொருள் அது. இட்லி மாவில் இருக்கும் நுண்ணுயிருக்கு உயிர் உண்டு. அந்த நுண்ணுயிருக்குள் வேலை செய்வது நொதி.

## கல்யாணத் தரகர்

சரி, அந்தப் பொருள் என்னதான் செய்கிறது?

பெண் வீடு யாங்கோனில், மாப்பிள்ளை வீடு தட்டோனில். பொருத்தமான குடும்பங்கள்தான், ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது. விதி இருந்தால் எப்போதாவது ஒரு திருவிழாவில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் பெண்ணுக்கு நரை விழுந்துவிடும். தரகர் வருகிறார். இரண்டு வீட்டையும் ஒரே கூடத்தில் முகம் பார்க்க உட்காரவைக்கிறார். ஆரம்பத் தயக்கம் உடைகிறது, பேச்சு முடிகிறது. தாலி ஏறியதும் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். கல்யாணத்தில் அவர் கரைந்துபோவதில்லை.

நொதியின் வேலை இதுதான். ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவதை வினை என்கிறோம். பெரும்பாலான வினைகளுக்குத் தொடக்கத்தில் ஒரு தயக்கம் உண்டு; அதைத் தாண்டக் கொஞ்சம் ஆற்றல் வேண்டும். நொதி அந்தத் தயக்கத்தைக் குறைக்கிறது, வினை வேகமாக நடக்கிறது, நொதி அப்படியே மிஞ்சுகிறது. இப்படித் தான் தீராமல் வினையின் வேகத்தைக் கூட்டும் பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். உயிர்கள் தயாரிக்கும் வினையூக்கியே நொதி.

நடக்கவே முடியாத சம்பந்தத்தை எந்தத் தரகராலும் நடத்திவைக்க முடியாது. அதுபோல, இயற்கையில் நடக்க வாய்ப்பே இல்லாத வினையை நொதி நடத்திவைக்காது. தானாக நடந்தால் யுகம் ஆகிற வினையைச் சீக்கிரம் நடத்திவைக்கும், அவ்வளவுதான். (பல நொதிகள் செய்வது கல்யாண வேலை இல்லை, பிரித்துவைக்கும் வேலை. செரிமான நொதிகள் எல்லாம் அந்த ரகம்.)

எவ்வளவு சீக்கிரம்? மரபணுவின் எழுத்துகளைத் தயாரிக்கும் வழியில் ஒரு படி இருக்கிறது. நொதி இல்லாமல் தண்ணீரில் விட்டால் பாதி அளவு மாறுவதற்கே சுமார் 7 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குரிய நொதி இருந்தால் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். இந்தக் கணக்கை முதன்முதலில் படித்த அன்று நான் டீயை ஆறவிட்டுவிட்டேன்.

## உருளைக்கிழங்கில் பார்த்துக்கொள்ளலாம்

வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். லேசாக இனிக்க ஆரம்பிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, சோற்றின் மாவுச்சத்தைச் சின்னச் சின்ன சர்க்கரையாக வெட்டுவதால் வரும் இனிப்பு அது.

கண்ணால் பார்க்க வேண்டுமானால், புண் கழுவ மருந்துக்கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு பச்சை உருளைக்கிழங்குத் துண்டின்மேல் நாலு சொட்டு விடுங்கள். வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வரும். கிழங்கில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. நுரை அந்த ஆக்சிஜன்தான். புண்ணில் விட்டால் பொங்குவதும் இதனால்தான். பொங்கினால் கிருமி சாகிறது என்று பாட்டிமார் சொல்வார்கள், ஆனால் நம் ரத்தத்திலேயே கேட்டலேஸ் இருப்பதால் கிருமி இல்லாத புண்ணும் பொங்கும்.

இப்போது வேகவைத்த கிழங்கில் விட்டுப் பாருங்கள். நுரை வராது. ஏன் என்று சொல்ல, நொதி எதனால் ஆனது என்று சொல்ல வேண்டும்.

## பூட்டு, சாவி, அன்னாசி

மிகச் சில விதிவிலக்குகளை விட்டுவிட்டால் நொதிகள் எல்லாம் புரதங்கள். புரதம் என்பது அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோத்த நீள மாலை. அது தனக்கே உரிய விதத்தில் முறுக்கிச் சுருண்டு ஒரு வடிவத்தில் நிற்கும். நொதி புரதம்தான் என்று காட்டியவர் ஜேம்ஸ் சம்னர். 1926-இல் தம்பட்டை அவரை வகை விதை ஒன்றிலிருந்து ஒரு நொதியைப் படிகமாக எடுத்தார். சிறுவயதில் வேட்டை விபத்தில் ஒரு கையை இழந்தவர், ஒற்றைக் கையால் செய்த வேலை அது.

சுருண்டு நிற்கும் அந்த வடிவத்தில் ஒரு குழி இருக்கும். அதற்குச் செயல்மையம் என்று பெயர். அந்தக் குழிக்குள் சரியாகப் பொருந்தும் பொருளில் மட்டுமே நொதி கை வைக்கும். 1894-இல் எமில் ஃபிஷர் இதைப் பூட்டும் சாவியும் என்றார். பிற்பாடு, பூட்டும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும் என்று தெரியவந்தது. செருப்பு காலுக்கேற்ப நெகிழ்கிற மாதிரி.

இதற்குச் சமையலறையிலேயே ஒரு அத்தாட்சி உண்டு. பச்சை அன்னாசித் துண்டுகளை ஜெலட்டின் ஜெல்லியில் போட்டால் ஜெல்லி உறையவே உறையாது. இங்கே நாம் தேங்காய்ப்பால் சேர்த்து இரண்டு அடுக்காகச் செய்யும் கடற்பாசி ஜெல்லியில் அதே துண்டுகளைப் போட்டால் ஜம்மென்று உறையும். அன்னாசியில் இருக்கும் புரோமெலைன் புரதத்தை மட்டும் வெட்டும் நொதி. ஜெலட்டின் புரதம், மாட்டிக்கொள்கிறது. கடற்பாசி மாவுச்சத்தின் உறவு, தப்பித்துக்கொள்கிறது. அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு எரிவதிலும் புரோமெலைனுக்குப் பங்கு உண்டு. நாம் அன்னாசியைத் தின்ன, அன்னாசி நம் நாக்கைத் தின்கிறது.

வெந்த கிழங்கு ஏன் நுரைக்கவில்லை? சூட்டில் மாலையின் முறுக்கு அவிழ்ந்துவிட்டது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் திரும்பப் பச்சையாகாது, அதே கதை. குழி போனது, வேலையும் போனது.

இதுவரை சொன்னது: நொதி உயிரில்லாத புரதம். தீராமல், தனக்குப் பொருந்தும் ஒரு வினையை மட்டும் வேகப்படுத்தும். வடிவம் கெட்டால் செத்த மாதிரிதான்.

## ஒரே இலை, டீயும் லப்பெட்டும்

நம் ஊர் டீக்கடையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஷான் மலையில் பறிக்கும் ஒரே தேயிலை ஒரு பக்கம் டீத்தூளாகிறது, இன்னொரு பக்கம் புளிக்கவைத்துத் தின்னும் லப்பெட் ஆகிறது.

டீத்தூளுக்கு இலையை வாடவைத்து நசுக்கி உருட்டுவார்கள். நசுங்கும்போது இலைக்குள் தனித்தனி அறையில் இருந்த நொதியும் அதன் இரையும் (அது கை வைக்கும் பொருள்) சந்திக்கின்றன, காற்றில் இருக்கும் ஆக்சிஜன் சேர்கிறது, இலை செம்பு நிறமாகிறது. போதுமான நிறம் வந்ததும் சூட்டில் போட்டு நொதியை நிறுத்திவிடுவார்கள். தேயிலைக்காரர்கள் இதையும் "புளிக்கவைப்பது" என்பார்கள், ஆனால் இதில் நுண்ணுயிருக்கு வேலையே இல்லை. இலையின் சொந்த நொதிதான் எல்லாம்.

லப்பெட்டுக்கு முதல் வேலையே ஆவியில் வேகவைப்பது. நொதி அங்கேயே முடிந்தது, அதனால் இலை கறுக்காமல் பச்சையும் பழுப்புமாக நிற்கிறது. அப்புறம் காற்றுப் புகாமல் அழுத்தி மாதக்கணக்கில் வைப்பார்கள். இங்கேதான் உண்மையான புளிப்பு, நுண்ணுயிர் செய்யும் புளிப்பு.

புளிப்புக்கும் நொதிக்கும் ஆகாது என்பது நம் அம்மாக்களுக்குத் தெரியும். நறுக்கிய வாழைத்தண்டைக் கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போடுவார்கள். மோரின் அமிலம் அந்த நிறம் மாற்றும் நொதியை மந்தமாக்குகிறது. (அதே தண்டு மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸுக்குள் போகும்போது கறுத்தால் என்ன, கறுக்காவிட்டால் என்ன!) எல்லா நொதியும் அமிலத்துக்குப் பயப்படும் என்றும் சொல்ல முடியாது. வயிற்றில் இருக்கும் பெப்சின் அமிலத்தில்தான் வேலையே செய்யும். எச்சில் அமைலேஸ் அங்கே போனதும் படுத்துவிடும்.

## 142 என்றால் என்ன?

மாமா கதைக்கு வருவோம்.

எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்லுக்குள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டிய நொதி. ஒரு பட்டறையின் ஸ்பானர்கள் தெருவில் சிதறிக் கிடந்தால், பட்டறையில் வியாபாரம் அமோகம் என்று யாராவது சொல்வார்களா? சுவர் இடிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கல்லீரல் செல் சேதமானால் உள்ளே இருக்கும் நொதி ரத்தத்தில் கசிகிறது. சேதத்துக்குக் காரணம் கொழுப்பாக இருக்கலாம், குடியாக இருக்கலாம், ஹெபடைட்டிஸ் வைரஸாக இருக்கலாம். சில மருந்துகளும் மூலிகைகளும்கூட இதைச் செய்யும். எது என்று அந்த எண் சொல்லாது. இடிந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

இதை நாங்கள் எப்படி அளக்கிறோம் என்று சொன்னால் நொதி இன்னும் நன்றாகப் புரியும். நொதியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வேலை கொடுத்து, எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்று பார்க்கிறோம். ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எடுத்து, நொதிக்குரிய இரை கலந்த திரவத்தில் விட்டு, 37 டிகிரியில் வைத்து, 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறோம். அந்த ஒளியை விழுங்கும் பொருள் ஒன்று கலவையில் இருக்கும். நொதி வேலை செய்யச் செய்ய, அதன் தொடர்ச்சியாக அந்தப் பொருள் குறைந்துகொண்டே வரும். திரையில் கோடு மெதுவாகச் சரிந்தால் நொதி கம்மி. மாமாவின் கோடு மாடிப்படியில் உருண்ட மாதிரி சரிந்தது. நிமிடத்துக்கு எவ்வளவு வேலை என்பதைத்தான் "யூனிட்" என்று அச்சடிக்கிறோம்.

இரையை ஏன் தாராளமாகப் போட வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி கேட்டாள். பான்சோடான் துறையில் அக்கரை டலாவுக்குப் போகும் சாம்பான் படகை நினைத்துக்கொள் என்றேன். கரையில் இரண்டே பேர் நின்றால் படகுக்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று தெரியாது. கூட்டம் அலைமோதினால்தான் அவருடைய முழு வேகம் தெரியும். அதற்குமேல் கூட்டம் சேர்ந்தாலும் வேகம் கூடாது. இன்னொரு படகு வேண்டும்.

## கண்ணாடி விரியன் செய்வது

நம் ஆட்கள் நிறையப் பேர் பகோ பக்கமும் மோன் பக்கமும் வயலில் இருக்கிறார்கள். அறுப்புக் காலத்தில் அவர்களுக்குப் பெரிய பயம் கண்ணாடி விரியன். அதன் விஷம் ஒரு நொதிக் கலவை.

ரத்தம் உறைவது ஒரு சங்கிலி வேலை. ஒரு நொதி அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, கடைசியில் வலை மாதிரி நார் பின்னிக்கொள்ளும். சங்கிலியின் நடுவில் பத்தாவது காரணி என்று ஒன்று இருக்கிறது. விரியன் விஷத்தில் உள்ள ஒரு நொதி நேராகப் போய் அதை எழுப்பிவிடுகிறது. காயமே இல்லாத இடங்களிலும் ரத்தம் உறையத் தொடங்குகிறது. அப்படியானால் ரத்தம் கட்டியாகிவிடும் என்றுதானே தோன்றும்? நடப்பது தலைகீழ். உறையவைக்கும் சரக்கு முழுவதும் கண்ட இடத்தில் செலவாகித் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால் நிற்காது. சிறுநீரகமும் அடிபடும்.

இதற்கு ஆஸ்பத்திரியில் செய்யும் சோதனை மிக எளிது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்ப்பார்கள். உறைந்திருந்தால் அப்படியே நிற்கும். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷமுறிவு மருந்து தேவை. அந்த மருந்தில் இருப்பவை, விஷத்தின் நொதிகளைக் கட்டிப்பிடித்துச் செயலிழக்கவைக்கும் எதிர்ப்புரதங்கள். தீர்ந்துபோன சரக்கைக் கல்லீரல் சில மணி நேரத்தில் மறுபடி தயாரித்துவிடும். கடிவாயைக் கீறுவதும் கயிற்றால் இறுக்குவதும் ரத்தத்தில் கலந்த நொதியை ஒன்றும் செய்யாது. கீறிய இடத்தில் ரத்தம் நிற்காமல் போவதுதான் மிச்சம். காலை அசைக்காமல், உடனே ஆஸ்பத்திரி.

இதே விஷத்தை மிக நீர்த்து, ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களின் காயத்தில் வைத்து ரத்தத்தை நிறுத்தலாம் என்று 1934-இல் லண்டனில் மக்ஃபார்லேனும் பார்னெட்டும் எழுதினார்கள். இன்றைக்கும் சில உறைதல் சோதனைகளுக்கு லேப்பில் கண்ணாடி விரியன் விஷம்தான் பயன்படுகிறது.

## மலேரியா மாத்திரைக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

நொதி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய உதாரணம் ஜி-6-பி-டி. நீளமான முழுப்பெயர் வேண்டாம். சிவப்பணுக்களைத் துரு பிடிக்காமல் காக்கும் நொதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரைக்கு அவ்வப்போது பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்கும் ஆள் மாதிரி.

பிறவியிலேயே இந்த நொதி குறைவாக இருப்பவர்கள் பர்மாவில் கணிசம். இங்கே அதிகம் காணப்படும் வகைக்கு மஹிடோல் என்று பெயர். பெரும்பாலோருக்குச் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் தாயிடமிருந்து மகனுக்குப் போய், ஆண்களிடம்தான் அதிகம் வெளிப்படும்.

வைவாக்ஸ் மலேரியாக் கிருமி கல்லீரலில் தூங்கிக்கொண்டிருந்து மாதங்கள் கழித்து மறுபடி எழும். அதை அங்கேயே ஒழிக்கும் மாத்திரை பிரிமாகுயின். அந்த மாத்திரை சிவப்பணுக்களில் துருவைக் கூட்டும். பெயின்ட் அடிக்கும் ஆள் போதாத உடம்பில் சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்து, சிறுநீர் கடுஞ்சாயா நிறத்தில் போகும். இதற்குக் காரணம் இந்த நொதிக் குறைவுதான் என்று 1956-இல் கண்டுபிடித்தார்கள். அதனால் அந்த மாத்திரைக்கு முன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஜி-6-பி-டி பார்ப்பது அவசியம். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையும் இதே வேலையைச் செய்யும். பச்சைக் குழந்தையின் துணியில் அந்துருண்டை வாசம் வந்தால், அக்கா, வெயிலில் போட்டு வாசம் போன பிறகு உடுத்துங்கள். போடாமலே இருந்தால் இன்னும் நல்லது.

## நொதியை நிறுத்தும் மருந்து

நம் வீட்டு மருந்து டப்பாவில் இருப்பவற்றில் பல, நொதிக்கு வேலை செய்யத் தடை போடுபவை. அவற்றைத் தடுப்பான் என்பார்கள். மாமா தினமும் விழுங்கும் சின்ன ஆஸ்பிரின் ஒரு தடுப்பான். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் உள்ள ஒரு நொதியின் குழிக்கு அருகே போய் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. தட்டணுவால் புதுநொதி தயாரிக்க முடியாது, அது வாழும் ஏழெட்டு நாளும் அப்படித்தான். சில அறுவைகளுக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வது இதனால்தான். அதை டாக்டர் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது.

நொதியையே மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. பக்கவாதத்தில் மூளையின் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் அஸ்பராஜினேஸ் எல்லாம் நொதிகள். கணையம் கெட்டவர்களுக்குச் செரிமான நொதியை மாத்திரையாகவே கொடுப்பார்கள். வயிற்று அமிலத்தில் கரையாத உறை போட்டு.

## பாட்டில் விஷயம்

அந்த உறையில்தான் ஜூஸ் பாட்டிலுக்கும் பதில் இருக்கிறது. நொதி புரதம். வாய்வழியாகப் போகும் புரதத்தை வயிறு என்ன செய்யும்? முட்டையையும் மீனையும் செய்வதைத்தான் செய்யும்: வெட்டிச் செரித்துவிடும். அது முழு நொதியாகக் கல்லீரல் வரை போய் "சத்து ஏற்றுவது" நடக்காத காரியம். பாட்டிலை அடைக்கும் முன் காய்ச்சியிருந்தால், உள்ளே போவதற்கு முன்பே நொதி செத்திருக்கும்.

மாமா நம்பவில்லை. அத்தைதான் சோதித்துப் பார்த்துவிட்டார். ஆட்டுக்கறியை மூன்று கிண்ணத்தில் பிரித்தார். ஒன்றில் பச்சைப் பப்பாளி அரைத்து (அதிலும் அன்னாசி மாதிரி புரதம் வெட்டும் நொதி உண்டு), ஒன்றில் பாட்டில் ஜூஸ், ஒன்றில் வெறும் தண்ணீர். இரண்டு மணி நேரம் கழித்துத் தனித்தனியாக வேகவைத்தார். பப்பாளிக் கறி விரலில் பிட்டுக்கொண்டு வந்தது. ஜூஸ் கறி தண்ணீர்க் கறியைப் போலவே பல்லுக்கு வேலை வைத்தது, கொஞ்சம் இனிப்போடு.

டாக்டர் மாமாவை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கல்லீரலில் கொழுப்பு. டீக்கடையில் கண்டென்ஸ்டு மில்க் டீயைக் குறைத்து, காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வருவார். மீதி இரண்டு பாட்டில் அத்தையின் அலமாரியில் இருக்கிறது, விருந்தாளிகளுக்காம்.